விரலின் பிழையா, பொத்தானின் பிழையா?

தவறு ஒன்று நேர்ந்தவுடன் அதனைச் செய்த கையைக் குறைகூறுதல் உலக வழக்கு. அந்தக் கை இயக்கிய கருவியின் அமைப்பை ஆராய்வோர் மிகச் சிலரே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் விந்தையான விபத்து ஒன்று மீண்டும் மீண்டும் நேர்ந்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இறக்கைத் தகடுகளை மடக்க எண்ணிய விமானிகள் சில்லுகளை மடக்கிவிட்டனர். விமானம் வயிற்றால் நிலத்தில் உராய்ந்து சிதைந்தது. பழி விமானிகளின் மேல் விழுந்தது. ஒகையோ மாநிலத்து றைற் விமானத் தளத்திற் பணியாற்றிய அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலறிஞர், விமானியின் இருக்கைக்கு முன்னிருந்த கருவிகளை ஆராய்ந்தார். இரண்டு ஆளிகளும் அருகருகே இருந்தன, உருவத்திலும் ஒத்திருந்தன. சில்லுக்குரிய ஆளியின் நுனியில் சிறிய இரப்பர்ச் சில்லையும், தகட்டுக்குரியதில் ஆப்பு வடிவத் துண்டையும் அவர் பொருத்தினார். கண் பாராமலே கை வேற்றுமையை உணர்ந்தது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் இவ்வடிவ வேற்றுமை விதியாகவே போற்றப்படுகின்றது.

இப்பாடம் மின்னஞ்சலுக்கும் பொருந்தும். ஒருவருக்கு மட்டும் பதிலனுப்பும் பொத்தானும், அனைவருக்கும் பதிலனுப்பும் பொத்தானும் பல மின்னஞ்சற் சேவைகளில் அடுத்தடுத்தே உள்ளன. விரல் சற்றே விலகினால், நண்பருக்கென எழுதிய மனக்குறை மேலதிகாரியின் கண்ணிலும் படும். கண்ணாடித் திரையில் வடிவத்தைத் தடவி அறிய இயலாது. ஆதலால் இடைவெளியும் நிறமும் அளவுமே அங்குக் காவலாகின்றன.

"உறுதிதானா?" என்று ஒவ்வொரு முறையும் வினவுதல் போதாதோ எனக் கேட்கலாம். நாள்தோறும் நூறு முறை கேட்கப்படும் வினாவுக்குக் கை பழக்கத்தால் விடையளிக்கும், மனம் விடையளிப்பதில்லை. ஆகவே, தவறைத் திருத்த அவகாசம் தருதலே மேலானது. கூகுள் நிறுவனம் தன் ஜிமெயில் சேவையில், அனுப்பிய மடலை மீட்கும் வசதியை 2009இல் சோதனையாக அளித்து, 2015இல் பொதுவாக்கியது. உண்மையில், புறப்பட்ட மடல் திரும்பி வருவதில்லை. 5 முதல் 30 வினாடிகள் வரை அது வாயிலிலேயே நிறுத்தி வைக்கப்படுகின்றது, அவ்வளவே. தவறை மனம் பெரும்பாலும் உணர்வது அந்தச் சில கணங்களிலேதான்.

மனிதன் தவறுவான் என்பதை முன்னறிந்து அமைக்கப்படுவதே நல்ல கருவி. தவறிய விரலைத் தண்டிக்குமுன், பொத்தானை அவ்விடத்தில் வைத்தவரையும் வினவுதலே நீதியாகும்.