பயந்தவரைத் தனியே விடாதீர்கள்



சற்றுமுன் இங்கே போடியில் நாம் பார்த்த ‘டாக்மேன்’ படத்தை இத்தாலிய இயக்குநர் மத்தேயோ கர்ரோனே 2018இல் எடுத்தார். 1988இல் ரோம் நகரில் நடந்த ஒரு கொலைதான் இதற்கு வித்து. நாயகனாக நடித்த மார்செல்லோ ஃபோன்தே, கேன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

நாய்களைப் பராமரிக்கும் கடை வைத்திருக்கிற கதைநாயகனின் பெயரும் மார்செல்லோதான். உறுமுகிற நாயையும் கொஞ்சிப் பேசியே குளிப்பாட்டிவிடுகிறார். சிமோனே என்ற முரடன் வந்து நின்றாலோ வாயடைத்துப் போகிறார். அவருடைய கடைச் சுவரை உடைத்துப் பக்கத்துக் கடையில் திருடுகிறான் சிமோனே. அவனைக் காட்டிக்கொடுக்காமல் சிறைக்குப் போவது மார்செல்லோ! கடைசியில் அந்தச் சாதுவின் கையே சிமோனேயைக் கொலை செய்கிறது.

நான் கேட்கிறேன், அந்த ஊர் என்ன செய்தது? கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஆள் வைத்து சிமோனேயைத் தீர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். ஒன்றாகப் போய் அவன் எதிரே நிற்கவில்லை. முரடனைத் தட்டிக் கேட்காத ஊர், சிறையிலிருந்து திரும்பிய மார்செல்லோவை மட்டும் தள்ளிவைத்தது. முடிவில் சிமோனேயின் பிணத்தைச் சுமந்துகொண்டு சகாக்களைக் கூவி அழைக்கிறார். ஏனென்று கேட்க ஒருவரும் இல்லை.

அதே 2018இல் நம் மலையிலிருந்தும் ஒரு படம் வந்தது: லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குத் துண்டு நிலம்தான் கனவு. பாடுபட்டு வாங்கிய நிலம் கடனில் போகிறது. அங்கே எழுந்த காற்றாலைக்கு அவரே காவலாளி ஆகிறார். அவரை வீழ்த்த முஷ்டி தேவைப்படவில்லை. சிரித்த முகத்தோடு வந்த கடனே போதுமாயிருந்தது.

ரங்கசாமியைப் போலவே பாடுபட, விடியுமுன்னே ஜீப்பேறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்கா தங்கைகள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். கூலி குறைந்ததைக் கேட்கத் தயங்கி ஒருத்தி நின்றால், ‘அவள் வாயில்லாப்பூச்சி’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோமே, அது நியாயமா? அவளோடு நாலு பேர் போய் நின்றால் அவளுக்கும் பேச்சு வருமே!

கூலி கேட்கிறவரோடு சேர்ந்து போங்கள். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறவருக்கு அதை முழுதும் படித்துச் சொல்லுங்கள். பள்ளியில் அடிவாங்கி வந்த பிள்ளையிடம் ‘திருப்பி அடி’ என்று சொல்லாதீர்கள். மறுநாள் கூடவே போங்கள். சாதுவைக் கத்தி எடுக்கும்வரை தனியே விட்ட பழி போடிக்கு வரவேண்டாம்.