நிறத்தை மாற்றிப் பார்ப்போம்



உங்கள் வகுப்பில் 40 மாணவர்கள், 5 பாடங்கள். மதிப்பெண் பட்டியலில் 200 எண்கள். மதிப்பெண்கள் ஒத்திருக்கும் மாணவர்களை அருகருகே புள்ளிகளாகவும், வேறுபடுவோரைத் தள்ளியும் குறித்தால் பட்டியல் படமாகிவிடும்.

மண்ணிலுள்ள பாக்டீரியாக்களை ஆராய்வோரும் இதையே செய்கிறார்கள். அவர்கள் பட்டியலில் ஆயிரக்கணக்கான பாக்டீரியா வகைகள் இருக்கும். இரண்டிரண்டு மண் மாதிரிகளாக ஒப்பிட்டு, எவ்வளவு வேறுபடுகின்றன என்று கணக்கிட்டு, ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புள்ளியாக வைக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வட, தென் அமெரிக்காவில் எடுத்த 88 மண் மாதிரிகளைப் பற்றிய ஆய்வு 2009-இல் வெளியானது. இத்தகைய தரவை ஜூபிட்டர் நோட்புக்கில் திறக்கலாம். அதில் விளக்கமும் பைத்தான் நிரலும் விடையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். படம் எப்படி வந்தது என்பதை யாரும் மீண்டும் செய்து சரிபார்க்கலாம். ‘எம்பரர்’ என்ற இலவச மென்பொருள் அந்தப் பக்கத்திலேயே புள்ளிகளை முப்பரிமாணத்தில் காட்டும். சுட்டியால் திருப்பலாம், நிறத்தை மாற்றலாம்.

திருப்புவது ஏன்? காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னால் நின்று பார்த்தால் ஒரு வரிசையே ஒரு மாணவராகத் தெரியும். பக்கவாட்டில் நின்றால்தான் இடைவெளி தெரியும். புள்ளிகளும் அப்படித்தான். ஒவ்வோர் அச்சும் மொத்த வேறுபாட்டில் எத்தனை விழுக்காட்டைக் காட்டுகிறது என்று அருகில் எழுதியிருக்கும். அது குறைவாக இருந்தால், படத்தில் வராதது ஏராளம் என்று பொருள்.

நிறத்தை மாற்றுவது ஏன்? அந்த 88 புள்ளிகளுக்கு இடத்தின் சராசரி வெப்பநிலைப்படி நிறமிட்டால் தெளிவான ஒழுங்கு தெரியாது. மண்ணின் பி.எச். மதிப்புப்படி நிறமிட்டால், அமில மண்ணிலிருந்து கார மண்வரை நிறங்கள் வரிசையாக நிற்கும். தொலைதூர மண்களும் பி.எச். நெருங்கியிருந்தால் பாக்டீரியாக்களில் ஒத்திருக்கின்றன. புள்ளிகள் இடம் மாறவில்லை. நாம் கேட்ட கேள்விதான் மாறியது. இருந்தாலும், நிறம் காட்டுவது தொடர்பை மட்டுமே. காரணத்தை உறுதிசெய்யத் தனியே சோதனை வேண்டும்.

இப்போது நம் 40 புள்ளிகளுக்குத் திரும்புவோம். நாம் வழக்கமாக இடும் நிறங்கள் இரண்டு: நன்றாகப் படிப்போர், மெல்லக் கற்போர். அதே புள்ளிகளுக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தின்படி நிறமிட்டுப் பாருங்கள். காலை உணவு உண்டு வந்தவர், உண்ணாதவர் என்று நிறமிட்டுப் பாருங்கள். கணினி வேண்டியதில்லை, வரைபடத் தாளும் வண்ணப் பென்சிலும் போதும். பெயர் எழுதாமல், உங்கள் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு எதுவும் தெரியாமலும் போகலாம். தெரிந்தால், ஒரு குழந்தையைப் பற்றி நாம் முடிவுகட்டி வைத்திருந்த ஒன்றை மறுபடியும் விசாரிக்க வேண்டியிருக்கும். அந்த விசாரணைக்காகவே இந்தப் படம்.