சமைக்கும் கை யாருடையது?

(கல்லூரி மாணவர்களுக்கு இலவச உணவுக்கூடம் தொடங்க நிதி திரட்டிய விருந்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு ஆறிவிடும் என்று அமைப்பாளர் இப்போதே கடிகாரத்தைக் காட்டுகிறார்.

இந்த விருந்துக்கு நீங்கள் ஆளுக்கு 3,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல்தான் 1,500 ஆக்கினார்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 50 ரூபாய். அந்தக் கணக்கில் உங்கள் ஒரு இலை, ஒரு மாணவரின் இரண்டு மாதச் சோறு. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் விடுதியில் இருந்தவன். மாதக் கடைசியில் சாம்பார் எப்படித் தண்ணீராகும் என்று தெரியும். அன்றைக்கு யாராவது இப்படி ஒரு உணவுக்கூடம் திறந்திருந்தால் முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பேன். பணம் வேண்டும், தாருங்கள்.

பணம் வந்த பிறகு சமையலறைக்குள் என்ன நடக்கும் என்பதுதான் என் கவலை.

1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி என்று சொல்லித்தான் நன்கொடை திரட்டினார்கள். பார்ப்பனரல்லாதாரும் அள்ளிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்திருந்தது. உள்ளே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. அது தெரிந்ததும் மீதிப் பணத்தைத் தர மாட்டேன் என்றார் பெரியார். நன்கொடை கொடுத்தவர் பந்தியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் முன்பே, 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. அது பொதுப்பணம், யாருடைய இரக்கமும் அல்ல. பிறகு காமராசர், எம்.ஜி.ஆர்., கலைஞரின் முட்டை, 2022இல் காலை உணவு எனக் கதை நீள்வது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் உரிமையாக வந்த சோற்றிலும் சாதி கையை விட்டது. என் அம்மா எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு உதவியாளர். காய் நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம், தண்ணீர் சுமக்கலாம். கரண்டியைத் தொடக் கூடாது. இது எந்த உத்தரவிலும் இல்லை, ஊரே அறிந்த சட்டம். ஒருநாள் சமையலர் வரவில்லை, அம்மா சமைத்தார். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியோடு வந்தார்கள். மிஞ்சிய சோற்றை அம்மா மாட்டுத்தொட்டியில் கொட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் அழவில்லை. அரிசிக் கணக்கை எப்படி எழுதுவது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியையே முற்றுகையிட்டார்கள். 2023இல் காலை உணவுத் திட்டத்திலும் அதே எதிர்ப்பு வந்தது. ஆகவே இது என் அம்மா காலத்துக் கதை அல்ல.

இப்போது உங்கள் துண்டறிக்கைக்கு வருகிறேன். “அனைவரும் ஏற்கும் வகையில் தூய சைவ உணவு” என்று போட்டிருக்கிறீர்கள். யார் அந்த அனைவரும்? வரப்போகும் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கருவாடும் முட்டையும் ‘தூய்மை’ கெட்டவை அல்ல. முட்டை வேண்டாதவருக்கு வாழைப்பழம் கொடுங்கள், சத்துணவில் அப்படித்தானே செய்கிறார்கள்? கொடுப்பவரின் நாக்குக்கு ஏற்ப, பசித்தவரின் தட்டை அளக்காதீர்கள்.

அடுத்தது சமையலர். “அனுபவமுள்ள குடும்பப் பெண்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் அந்தச் சொல் யாரை வெளியே நிறுத்தும் என்று உங்களுக்கும் தெரியும். தலித் பெண்களைத் தலைமைச் சமையலராக வையுங்கள், முறையான சம்பளத்தோடு. அதனால் நாலு நன்கொடையாளர் விலகினால் விலகட்டும். அந்தத் தொகைக்கு நாங்கள் உண்டியல் ஏந்துகிறோம்.

திட்ட அறிக்கை மேசைமேல்தான் இருக்கிறது, பேனா என்னிடம் உண்டு. அந்த இரண்டு வரியையும் இப்போதே திருத்தி எழுதுங்கள். பிறகு நானும் உங்களோடு பந்தியில் உட்காருகிறேன்.