கையால் செய்யும் தோல் பணப்பை
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நம் கிராமங்களில் ஆடு வளர்க்காத ஊர் இல்லை. ஆட்டின் பாலும் எருவும் இறைச்சியும் நமக்கு வருவாய் தருகின்றன. ஆனால் அதன் தோல் மட்டும் சொற்ப விலைக்கு ஊரை விட்டுப் போய், பளபளக்கும் பணப்பையாகத் திரும்பி வருகிறது. திருவிழாக் கடையில் அதை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம். இடையில் நடந்த வேலையின் கூலி நம் ஊரில் தங்குவதில்லை. அந்தக் கூலியில் ஒரு பகுதியையேனும் நம் இளைஞர்களும் பெண்களும் பெற வழியுண்டா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஓர் எச்சரிக்கை. தோல் பதனிடுவதை ஊருக்குள் தொடங்க வேண்டாம். பாலாற்றங்கரையில் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அது குறித்துக் கடுமையான தீர்ப்பு அளித்தது. அந்தப் பாடம் நமக்குப் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களில் பதனிட்ட தோல் கிடைக்கிறது. அதை வாங்கிப் பொருள் செய்வதே நமக்கு ஏற்றது. இவ்வேலைக்கு மின்சாரமும் வேண்டாம்; பெரிய இயந்திரமும் வேண்டாம்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும். பணப்பைக்கு ஆட்டுத் தோலே ஏற்றது. வெளியுறைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமும், உட்பகுதிக்கு அதைவிட மெல்லியதும் வேண்டும். 5 சதுர அடித் தோலில் கழிவு போக நான்கு அல்லது ஐந்து பைகள் செய்யலாம்.

அளவை ரூபாய் நோட்டிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. வங்கி அட்டையின் நீளம் ஏறத்தாழ 86, அகலம் 54. இரண்டும் அடங்க, விரித்த பை 210 நீளமும் 92 உயரமும் இருந்தால் போதும். ஓரம் மடிக்க நான்கு பக்கமும் 10 விட்டு, வெளியுறையை 230-க்கு 112 என்று வெட்டுக. உட்பகுதி 205 நீளமும் 86 உயரமும் இருக்கட்டும். அட்டைப் பைகளை அதில் முன்னரே தைத்துக்கொள்க.

வெளியுறையின் ஓரங்களை உட்புறமாகச் சீவிப் பாதிக் கனமாக்குக. சீவாமல் மடித்தால் ஓரம் தடித்து, தையல் கோணலாகும். மடிக்கும் ஓரத்திலும் அது படியும் இடத்திலும் ரப்பர் பசையை மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு உலரவிட்டு, மடித்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுக. மூலைகளைச் சாய்வாக வெட்டிய பின்பே மடிக்க வேண்டும்.

இனி உள்துணி. பையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. நெருக்கமாக நெய்த கைத்தறித் துணி நன்று. அதை முன்னதாக நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்க. இல்லையேல் பசையின் ஈரம் பட்டதும் சுருங்கும். துணி பையின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளடங்கி இருக்கட்டும். மேல் ஓரத்தில் மட்டும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு உள்ளே மடித்தால் நூல் பிரியாது. நீளத்தில் இன்னும் 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். பை மடியும்போது வெளிப்புறம் நீண்ட வழியும் உட்புறம் குறுகிய வழியும் செல்வதே இதற்குக் காரணம்.

துணி ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, கட்டி விழாமல் கிளறிக் காய்ச்சி, ஆறவைத்து அன்றன்றே பயன்படுத்துக. தோலின் மீது மெல்லிதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துணியைப் படியவைக்க வேண்டும். விரித்த நிலையிலேயே ஒட்டி முடித்தால், மடித்ததும் துணி சுருக்கம் கண்டு, சில வாரங்களில் பெயர்ந்துவிடும். ஆதலால் பையைப் பாதி மடித்த நிலையில் ஒட்டி, மடிப்பினுள் பென்சில் பருமனுள்ள குச்சியை வைத்து, பலகையும் பாரமும் ஏற்றி ஓர் இரவு உலரவிடுக. உட்பகுதியின் பின்புறத்துக்கும் இவ்வாறே துணி ஒட்டுக.

மறுநாள் வெளியுறையையும் உட்பகுதியையும் இரு பக்கங்களிலும் அடியிலும் மட்டும் ஒட்டி, விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, மெழுகு தடவிய நூலால் தைக்க வேண்டும். அடிப்பக்கத்தின் நடுவே, மடியும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் தைக்காமல் விடுக. மேற்பக்கம் நோட்டு வைக்கும் வாய்.

ரப்பர் பசையைப் பற்றி ஒரு சொல். அதில் கலந்துள்ள கரைப்பான் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தால் நரம்புக்குக் கேடு. சன்னல் இல்லாத அறையிலும், அடுப்புக்கு அருகிலும், குழந்தைகள் உள்ள இடத்திலும் அதைத் திறக்கலாகாது. காற்றோட்டமான ஒரு கட்டடத்தை இவ்வேலைக்கு ஒதுக்கித் தருவது ஊராட்சி செய்யக்கூடிய முதல் உதவி.

இரண்டாவது உதவி அதனினும் பெரிது. தோல் தொட்டுச் செய்யும் தொழில் தாழ்ந்தது என்ற எண்ணம் பல ஊர்களில் இன்னும் மறையவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் தோல் தைப்பவருக்குப் பொதுக் கட்டடத்தில் இடம் தரத் தயங்கும் மனம் இருக்குமானால், எந்தப் பயிற்சியும் பயன் தராது. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியவர்கள் உறுப்பினர்களாகிய நீங்களே. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து தைக்கட்டும்.

சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோல் தொழிலில் பயிற்சிகள் அளித்து வருகிறது. கடன் வசதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். முதலில் பத்துப் பைகள் செய்து, நம் ஊராரிடமே கொடுத்து, ஆறு மாதம் பயன்படுத்தச் சொல்வோம். எங்கே பசை விட்டது, எங்கே தையல் பிரிந்தது என்று பார்த்துத் திருத்திய பின்பே சந்தைக்குச் செல்வோம். ஒருமுறை உள்துணி பெயர்ந்த பையை வாங்கியவர் மறுமுறை நம்மிடம் வரமாட்டார். உழைப்பு நாணயமாக இருந்தால் விற்பனை தானே வளரும்.