முதிய நாயும் மூட்டு நோயும்



ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளின் வட்டாரமாகிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. இங்கே மனிதரின் பொழுதை ஷிப்டு அளக்கிறது. வீட்டு நாயின் பொழுதையும் அதுவே அளக்கிறது. ஆறு நாள் சங்கிலி, ஏழாம் நாள் ஏரிக்கரையில் நெடும் ஓட்டம் என்பது பல வீடுகளில் வழக்கம். இளம் நாய் இதைத் தாங்கிக்கொள்ளும். மூட்டுத் தேய்ந்த முதிய நாய்க்கோ இரண்டுமே தீங்கு.

காரணத்தைக் கேளுங்கள். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் உள்ள நீரே அதற்கு உணவு. மூட்டு அசையும்போது குருத்தெலும்பு அழுந்தி விரிந்து அந்நீரை ஏற்கிறது. அசைவு நின்றால் ஊட்டம் குறையும், தசையும் மெலியும், தசை தாங்க வேண்டிய சுமை மூட்டின்மேல் விழும். அதற்குப் பின் திடீரென்று ஓடவிட்டால், வலியும் வீக்கமும் மிகும்.

ஆகவே விதி ஒன்றே: சிறிது சிறிதாக, ஆனால் நாள்தோறும். ஒரு மணி நேர நடையைவிடப் பத்து நிமிட நடை மூன்று முறை மேலானது. மண் பாதையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நாயின் வேகத்திலேயே நடக்க வேண்டும். பந்தை எறிந்து துரத்தச் செய்வதும், மதில் தாண்டச் செய்வதும் கூடா. மறுநாள் காலையில் நாய் வழக்கத்தைவிடச் சிரமப்பட்டு எழுந்தால், முன்தினம் நடந்தது மிகை, தூரத்தைப் பாதியாக்குங்கள்.

கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில், கால் தடுமாறும் நாயை அவிழ்த்துவிடுவது அதன் உயிருக்கே ஆபத்து. வீட்டினுள் வழுக்கும் தரையில் சாக்கு விரியுங்கள்.

உடற்பயிற்சியோடு உணவும் சேர்ந்தது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

நாம் விழுங்கும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபனும் அதற்கு நஞ்சாகலாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். மேல் சிகிச்சை வேண்டுமாயின், 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

படியேறத் தயங்கும் நாயை, 'வயதாகிவிட்டது' என்று மூலையில் ஒதுக்கிவிடுகிறோம். வயதுக்கு மருந்தில்லை, வலிக்கு உண்டு. இத்தனை ஆண்டு நம் வாசலைக் காத்த உயிருக்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குவது தயவன்று, கடமை.