காயம் ஆறினால் மட்டும் போதுமா?

(தோட்ட வாசிகசாலையில் நடைபெற்ற மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு, ஈரச்சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறீர்கள். அதனால் நாம் சுற்றி வளைத்துப் பேசப்போவதில்லை. வேலையில் அடிபட்ட ஒருவர் மறுபடியும் வேலைக்கு வருவது எப்படி என்பதுதான் இன்றைய விடயம்.

"இதில் பேச என்ன இருக்கிறது? காயம் ஆறினால் தானாக வேலைக்கு வரப்போகிறார்" என்று நீங்கள் நினைக்கலாம். நாமும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பு தவறு என்று எமக்குக் காட்டியவர் எங்கள் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும்.

நல்ல கை வேலைக்காரர் அவர். ஒரு நாள் கவ்வாத்துக் கத்தி வழுக்கி இடது கையில் பட்டுவிட்டது. இரண்டு விரல்களின் நரம்பு அறுந்துபோனது. பெரிய வைத்தியசாலையில் தைத்து அனுப்பினார்கள். காயம் ஆறியது, ஆனால் அந்த இரண்டு விரலும் சரியாக மடங்கவில்லை. "முழுசா சொகமானப் பொறகு வா" என்று எல்லோரும் சொன்னார்கள். கங்காணி சொன்னார், ஒபிஸில் சொன்னார்கள், வீட்டிலும் சொன்னார்கள். நாமும் அதையே சொன்னோம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். ஒரு மாதம் மூன்று மாதமாகி, ஏழு மாதமாகியது. நாம் மூன்று முறை அவர் லயத்துக்குப் போனோம். பிஸ்கட் பக்கட் கொண்டுபோனோம், பாரங்களை நிரப்பிக் கொடுத்தோம், "எப்படி அண்ணே, சுகமா?" என்று கேட்டோம். "இந்தக் கையால் இப்போது என்ன செய்ய முடியும்?" என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து நாம் வேலைக்குக் கூப்பிட்டபோது அவர் சொன்னது இன்றைக்கும் எமது காதில் நிற்கிறது. "இனிமே நா எதுக்குங்கய்யா? இந்தக் கை ஒண்ணுக்கும் ஒதவாது." அதற்குள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் படிப்பை விட்டுவிட்டு கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். விரல் இரண்டு போனதற்கு கத்தி காரணம். மகளின் படிப்பு போனதற்கு யார் காரணம்? அந்தக் கையோடு அவர் தவறணையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், நிறுவையில் நிற்கலாம், காவலுக்குப் போகலாம். கேட்பார் இல்லாமல் போனதுதான் குறை. அந்தக் குறையில் எமக்கும் பங்கு உண்டு.

இதிலிருந்து நாம் படித்த முதற் பாடம் இது. முழுக்கச் சுகமாகும் வரை வீட்டில் இருப்பது எல்லோருக்கும் நல்லதல்ல. உடம்பு அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகிவிடும், சதை மெலிந்துவிடும். அதைவிட மோசம், மனசும் இறுகிவிடும். பெரட்டுக்குப் போகாதவன் மெல்ல மெல்ல நான்கு பேர் கூடும் இடத்துக்கும் போகமாட்டான். அதே நேரம், வைத்தியர் சொல்வதற்கு முன் அவசரப்பட்டு கூடையைத் தூக்குவதும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது கதையைச் சொல்கிறோம். இது கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவுடைய கதை. தென்மேல் பருவ மழைக்காலம். மாலை நிறுவைக்கு நிறைந்த கூடையோடு இறங்கும்போது பாசி பிடித்த கற்படியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் பிளாஸ்டர் போட்டார்கள். நான்காம் வாரமே நாம் அவர் வீட்டு இஸ்தோப்பில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். அந்த அக்கா, அவர் வீட்டுக்காரர், கங்காணி, தோட்டத்து டொக்டர் ஐயா, தலைவர், நாம் ஆக ஆறு பேர். பிளாஸ்டர் கட்டோடு இருக்கும்போதே கூட்டமா என்று வீட்டுக்காரருக்கு ஆச்சரியம். கட்டு அவிழ்க்கும் நாளில் யோசிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும் என்று அவருக்கு விளக்கினோம்.

ஒரு தாளை எடுத்து, கொழுந்து வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினோம். காலையில் பெரட்டுக்கு நடப்பது. மலை ஏறுவது. நின்று கொழுந்து எடுப்பது. கூடை சுமப்பது. நிறுவைக்கு இறங்குவது. திரும்பி வீட்டுக்கு வருவது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் "முடியும்", "உதவி இருந்தால் முடியும்", "இப்போது முடியாது" என்று குறித்தோம். எழுதிப் பார்த்தால்தான் விளங்குகிறது, அந்த அக்காவுக்குக் கொழுந்து எடுப்பதில் கஷ்டமே இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. கஷ்டம் பாரத்தோடு பள்ளம் இறங்குவதில்தான். கணுக்கால் முறிந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் என்று டொக்டர் ஐயா சொன்னார். அப்படியானால் நாம் மாற்ற வேண்டியது முழு வேலையை அல்ல, அந்த ஒரு பகுதியை.

கிளினிக்குக்குப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம். "இலகு வேலை" என்று மட்டும் துண்டு வாங்கி வந்தால் கங்காணிக்கு ஒன்றும் விளங்காது. எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், சரிவில் நடக்கலாமா, அடுத்த கிளினிக் எப்போது என்ற நான்கையும் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வேலை எப்படிப்பட்டது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பட்டணத்து வைத்தியருக்கு எங்கள் மலையின் சரிவு தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பிளாஸ்டர் கழற்றி, காலுக்குப் பயிற்சியும் தொடங்கி, வைத்தியர் சரி என்ற பிறகு வேலை இப்படி ஆரம்பித்தது. முதல் இரண்டு வாரம் தவறணையில் உட்கார்ந்து பை நிரப்பும் வேலை, மதியம் வரை மட்டும். அடுத்த இரண்டு வாரம் அங்கேயே முழு நாள். ஐந்தாம் வாரத்திலிருந்து ரோட்டோரத்துச் சமமான மலையில் கொழுந்து, பாதிக் கூடைக்கு மேல் வேண்டாம். கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுபோக நாத்தனார் ஒப்புக்கொண்டார். இரண்டு பேர் கொழுந்தும் கலந்து கணக்குப் பிசகாமல் இருக்க, தனிச் சாக்கில் இவர் நம்பரை எழுதிக் கட்டினோம்.

சம்பளப் பேச்சையும் முதலிலேயே முடித்தோம். அரை நாள் வேலை செக்ரோலில் எப்படி விழும், பாதிக் கூடைக்கு எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று துரையிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். சம்பள நாளில் சண்டை போடுவதைவிட முன்னாலேயே கேட்பது எல்லோருக்கும் மரியாதை.

ஆனாலும் கஷ்டம் வந்தது. வேறு இரண்டு இடத்திலிருந்து வந்தது.

ஒன்று, கூட வேலை செய்பவர்கள். "அவளுக்கு மட்டும் நெழல்ல ஒக்காந்த வேல, நாங்க மழையில நனையணுமா?" என்று பேச்சு கிளம்பியது. இது பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கு யாரும் விடயத்தைச் சொல்லவில்லை, அது எமது பிழை. அடுத்த நாள் பெரட்டில் நின்று சொன்னோம். இது ஒரு காலத்துக்கு மட்டும், இன்ன திகதியில் மலைக்கு வருவார், நாளைக்கு உங்களில் ஒருவர் விழுந்தாலும் இதே ஒழுங்குதான் என்றோம். அதன் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

மற்றது, அந்த அக்கா மறைத்த வலி. ஐந்தாம் வாரம் நல்ல மழை. கால் வீங்கியிருக்கிறது, அவர் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் நின்ற பிள்ளை பார்த்துவிட்டு எம்மிடம் வந்து சொன்னாள். "ஏன் அக்கா சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சொன்னா மறுபடி வீட்டுல இருக்கச் சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேங்கய்யா" என்றார். கிளினிக்கில் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, வேலை கூடிவிட்டது, அவ்வளவுதான். ஒரு வாரம் தவறணைக்குத் திரும்பினார், பிறகு மறுபடி மலைக்கு வந்தார். ஒரு படி பின்னால் வைப்பது தோல்வி அல்ல. வலியை மறைப்பதுதான் ஆபத்து. அதற்காக அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கங்காணியும் நாமும் அவரிடம் நேரில் கேட்பதாக வைத்துக்கொண்டோம்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைத்தளத்தில் இலகு வேலை கொடுத்துவிட்டு, வீட்டில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் தூக்க வைத்தால் என்ன பயன்? அந்த வீட்டில் மகன் தண்ணீர் எடுத்தான், வீட்டுக்காரர் விறகு பார்த்துக்கொண்டார். ஆம்பிளைப் பிள்ளை பீலிக்குப் போவதா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். சிரித்தவர்கள் யாரும் குடம் தூக்க வரவில்லை.

இன்று அந்த அக்கா வேலையில் இருக்கிறார். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். உச்சி மலைக்கு அவரால் இன்னும் போக முடியவில்லை, இனியும் முடியாமல் போகலாம். ரோட்டோரத்து மலையிலும் நடுமலையிலும் நிற்கிறார். பழைய கிலோ எல்லா நாளும் வருவதில்லை. ஆனாலும் செக்ரோலில் அவர் பெயர் இருக்கிறது, பெரட்டில் அவர் குரல் கேட்கிறது.

இனி உரிமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். எங்கள் நாட்டில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது ஏற்படும் விபத்தால் காயமோ மரணமோ ஏற்பட்டால் தொழில் கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2022 ஆம் ஆண்டில் வந்த திருத்தத்தால், வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்தும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகக்கூடிய நட்டஈட்டுத் தொகையும் 20 லட்சம் ரூபாவாகக் கூட்டப்பட்டது. எல்லோருக்கும் அந்தத் தொகை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். காயத்தின் அளவையும் சம்பளத்தையும் பார்த்துத்தான் கணிப்பார்கள்.

"வேலைக்குத் திரும்பினால் நட்டஈடு போய்விடும்" என்று ஒரு கதை லயங்களில் உலாவுகிறது. இதை நம்பி வீட்டில் கிடந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வேலை செய்ய முடியாமல் இருந்த காலத்துக்குரிய கொடுப்பனவு வேறு, நிரந்தரமாக நின்றுவிட்ட குறைக்கு உரிய நட்டஈடு வேறு. சந்தேகம் இருந்தால் தலைவரிடமோ எம்மிடமோ கேளுங்கள், தொழில் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். லயத்துப் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

ஆகவே இந்த விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அடி என்றாலும் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, தோட்ட வைத்தியசாலைப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். நேரில் பார்த்தவர் யார் என்று குறித்து வையுங்கள்.

கிளினிக் புத்தகம், துண்டுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். போட்டோ கொப்பி ஒன்று தனியாக இருக்கட்டும்.

எண்ணெய்க் கட்டு போடுவதற்காக பிளாஸ்டரை நீங்களே வெட்டாதீர்கள். சொல்லிக் கொடுத்த பயிற்சியை வலிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வலி கூடினால் வைத்தியரிடம் கேளுங்கள்.

வாசிக்காத தாளிலும் வெறுந்தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

காயப்பட்டு இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டில் இருக்க வேண்டி வந்தால் எமக்குச் சொல்லி அனுப்புங்கள். இஸ்தோப்புக் கூட்டத்துக்கு நாம் வருவோம். இம்முறை பிஸ்கட்டோடு தாளும் பேனையும் கொண்டுவருவோம்.

கங்காணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடிபட்டவர் திரும்பி வரும் முதல் நாள் காலையில் பெரட்டில் அவர் பெயரை வழமைபோலக் கூப்பிடுங்கள். "வந்துட்டியா, இனி ஒன்னால என்னா முடியும்?" என்று சிரிப்புக்குக்கூடக் கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு.

அந்தக் கவ்வாத்துக்காரர் அண்ணன் இன்று எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. போன மாதம் நாம் அவர் வீட்டுக்குப் போய், இவ்வளவு காலம் கேட்காத கேள்வியைக் கேட்டோம். தவறணையில் பிள்ளைகளுக்குக் கன்று வெட்டக் கற்றுக்கொடுக்க வரலாம் என்று பாதி மனதோடு சொல்லியிருக்கிறார். துரையிடம் பேசியிருக்கிறோம். அவர் வரும் நாளில் நீங்கள் எல்லோரும் சாதாரணமாக, நேற்றும் அவர் வந்திருந்தது போல, "வாங்க அண்ணே" என்று சொல்ல வேண்டும். எமது இன்றைய வேண்டுகோள் அது ஒன்றுதான்.