இழப்பை ஈடு செய்வது யார்?

குற்றம் இழைத்தவன் சிறை செல்கிறான். அவனால் காயமுற்றவரின் மருத்துவச் செலவை யார் ஏற்பது? இந்தோனேஷியச் சட்டம் நெடுங்காலம் இதற்கு நேரான விடை தரவில்லை.

டச்சு ஆட்சி 1918-இல் நடைமுறைப்படுத்திய குற்றச் சட்டத்தையே விடுதலை பெற்ற இந்தோனேஷியா 1946-இல் சில மாற்றங்களுடன் ஏற்றது. குற்றவாளிக்குரிய தண்டனையே அதன் முதன்மை நோக்கம். துன்புற்றவர் பெரும்பாலும் சாட்சியாகவே நின்றார்.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் காக்கத் தனி அமைப்புக்கு வழிவகுத்தது. குற்றவாளியிடம் நஷ்டஈடு கோரும் உரிமையையும் அளித்தது. ஆனால் அவன் வறியவனாயின், தீர்ப்பு ஏட்டளவிலேயே நின்றுவிடுமன்றோ?

இக்குறையை 2022-ஆம் ஆண்டின் பாலியல் வன்முறைக் குற்றச் சட்டம் எதிர்கொண்டது. பறிமுதல் செய்த சொத்து போதாவிடில், பற்றாக்குறையை அரசின் உதவிநிதி ஈடுசெய்ய வேண்டும் என்றது. 2023-இல் இயற்றப்பட்டு, 2026 ஜனவரி 2-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டம், நஷ்டஈடு செலுத்துவதைக் கூடுதல் தண்டனைகளுள் ஒன்றாக்கியது. நிறுவனங்களையும் குற்றப் பொறுப்புக்கு உட்படுத்தியது.

எனவே, ஒரு சட்டத்தை மதிப்பிடும்போது, அது தீயோரை எவ்வாறு ஒறுக்கிறது என்பதோடு, நலிந்தோரை எவ்வாறு தாங்குகிறது என்பதையும் நீங்கள் வினவுதல் வேண்டும்.